நடனம், இசை, நடிப்பு கலந்த 5 நிமிடக் குறும்படம்: தாளம் நழுவாமல் எடுக்கும் முறை

கேமராவைக் கையாளவும் டைம்லைனில் வெட்டி ஒட்டவும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. இந்த வகைப் படங்கள் வெளிச்சத்தாலோ கேமராவாலோ கெடுவது குறைவு. பாதம் தரையில் விழும் நொடியும் தாளத்தின் அடி விழும் நொடியும் பிரிந்துபோவதால்தான் பெரும்பாலும் கெடுகின்றன. ஒலி படத்துக்கு முந்தினால் சுமார் 45 மில்லிவினாடியிலேயே மனிதருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் சுமார் 125 மில்லிவினாடி வரை தெரியாது. இது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் பரிந்துரையில் தரும் அளவு. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் முந்துவதற்கு ஒரே ஒரு ஃபிரேம்தான் இடம். ஆகவே கதை, இசை, கேமரா, எடிட்டிங் நான்கும் ஒரே தாளக் கணக்கில் நிற்க வேண்டும்.

1. கதையை மூன்று பத்தியாக எழுதுங்கள்

வழக்கமான திரைக்கதை வடிவம் இதற்குப் போதாது. ஒரு தாளை மேலிருந்து கீழாக மூன்று பத்திகளாக (நெடுவரிசைகளாக) பிரித்து, முதல் பத்தியில் நேரம், இரண்டாவதில் காதில் விழுவது, மூன்றாவதில் உடல் செய்வது என்று எழுதுங்கள். "அவள் வருந்துகிறாள்" என்பது மூன்றாவது பத்தியில் வரவே கூடாது. "வலது கை கதவுக்கு நீள்கிறது, பாதியில் நிற்கிறது, விரல்கள் மடங்குகின்றன" என்று எழுதினால்தான் நடனம் அமைப்பவருக்குப் பிடி கிடைக்கும்.

பிறகு ஒரு சோதனை: நடனப் பகுதியை மனத்துக்குள் நீக்கிப் பாருங்கள். கதை அப்படியே புரிந்தால் நடனம் வெறும் அலங்காரம். கதையின் திருப்பம் எங்கே இருக்கிறதோ, அதை வசனத்திலிருந்து பிடுங்கி நடனத்துக்குள் வையுங்கள். 5 நிமிடப் படத்துக்குப் பத்து வரி வசனம் தாராளம்.

2. இசையை முதலில் முடியுங்கள், வேகத்தை ஃபிரேம் கணக்கில் தேர்ந்தெடுங்கள்

எடுத்த பிறகு இசை போட்டுக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். நாடகக் காட்சிகளுக்கான பின்னணி இசையைக் கடைசியில் சேர்க்கலாம். நடனப் பகுதியின் வேகமும் நீளமும் படப்பிடிப்புக்கு முன்பே உறுதியாக வேண்டும். இசையமைப்பு முடியவில்லையா? க்ளிக் (ஒவ்வோர் அடிக்கும் ஒலிக்கும் டிக் ஓசை), அடிப்படைத் தாளம், முணுமுணுத்த மெட்டு மூன்றும் கொண்ட டம்மி ட்ராக் போதும். வாத்தியங்கள் பின்னால் மாறலாம், வேகம் மட்டும் மாறக்கூடாது.

ஒரு அடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதற்குச் சூத்திரம்: வினாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கான அடிகளால் வகுக்க வேண்டும். 25 ஃபிரேமில் 100 அடி வேகம் என்றால் ஓர் அடிக்குச் சரியாக 15 ஃபிரேம். 75 என்றால் 20, 125 என்றால் 12. அதே 25-இல் 120 வைத்தால் 12.5 வரும், ஒவ்வொரு இரண்டாவது அடியும் இரு ஃபிரேமுக்கு நடுவில் விழும். 120-தான் வேண்டும் என்றால் 24 ஃபிரேமுக்கு மாறுங்கள், 12 கிடைக்கும். 30 ஃபிரேமில் 15. அரை ஃபிரேம் பிசகு கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் முழு எண் கிடைத்தால் எடிட்டிங்கில் அடிகளை ஃபிரேம் எண்ணியே கண்டுபிடிக்கலாம், வேலை பாதியாகும்.

விருத்தம் போலத் தாளக்கட்டு இல்லாத பகுதிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆடுபவர் எந்தச் சொல்லில், எந்த மூச்சில் அசையத் தொடங்குகிறார் என்பதைத் தாளில் குறித்துவிட்டு, பிளேபேக்கில் (படப்பிடிப்பின்போது ஒலிக்கவிடும் ட்ராக்கில்) அந்த இடத்துக்கு ஒரு வினாடி முன்பு சின்ன பீப் வையுங்கள்.

பிறர் பாடலைப் பயன்படுத்துவதானால் இரண்டு அனுமதிகள் தேவை: பாடலின் ஆக்கத்துக்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு ஒன்று. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மறந்தால் படத்தை வெளியிட முடியாமல் போகும். புதிதாக இசையமைப்பதுதான் நல்லது.

3. பிளேபேக் ட்ராக்: அவசரம் கூடாத இடம்

இறுதிப் பாட்டை அப்படியே ஸ்பீக்கரில் ஒலிக்கவிடுவது பிளேபேக் ஆகாது. தனியாக ஒரு கோப்பு தயாரியுங்கள்.

முதலில் குரலில் "பகுதி மூன்று" என்ற அறிவிப்பு. பிறகு 8 அடி க்ளிக். பிறகு இசை. பாட்டு முழுவதற்கும் ஒரு கோப்பு, 8 அல்லது 16 அடிப் பகுதிகளாக வெட்டிய கோப்புகள் தனியே. ஒவ்வொரு பகுதிக் கோப்பும் தன் தொடக்கத்துக்கு 8 அடி முன்பே ஆரம்பித்து, முடிவுக்கு 8 அடி பின்பு வரை ஓட வேண்டும். ஆடுபவர் ஓட்டத்தோடு உள்ளே நுழைய இதுதான் வழி. நின்ற நிலையிலிருந்து தொடங்கிய ஷாட்டையும் ஓட்டத்தில் தொடங்கிய ஷாட்டையும் ஒட்டினால், உடலின் எடை வேறுபடுவது பளிச்சென்று தெரியும்.

கோப்பு வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். எம்பி3 வேண்டாம். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் சுமார் ஒரு ஃபிரேம் அளவுக்கு மௌனம் சேர்ந்துவிடும். படப்பிடிப்பில் எம்பி3, டைம்லைனில் வேவ் என்று கலந்தால் எல்லா ஷாட்டும் ஒரே அளவில் தள்ளி நிற்கும், காரணம் புரியாது. இந்த வெட்டு வேலைக்கு ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் போதும், இலவசம்.

மெதுவான காட்சியில் உதட்டசைவும் அடியும் பாட்டோடு பொருந்த வேண்டுமா? எடுக்கும் ஃபிரேம் எண்ணிக்கையை டைம்லைன் எண்ணிக்கையால் வகுத்த வேகத்தில் பாட்டை ஒலிக்கவிட வேண்டும். 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் காட்டுவதானால் பாட்டு இரு மடங்கு வேகம். ஆடாசிட்டியில் டெம்போவை மட்டும் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள்; வேகத்தோடு சுருதியும் ஏறிவிட்டால் பாடுபவரும் ஆடுபவரும் தடுமாறுவார்கள். இரட்டை வேகத்தில் யாராலும் அதிக நேரம் ஆட முடியாது. 8 அடி, மிஞ்சினால் 16 அடி.

4. கேமரா அமைப்பு: பலரும் சறுக்கும் இடம்

அறிகுறி இப்படி இருக்கும்: டேக்கின் தொடக்கத்தில் பாட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது, இரண்டாவது நிமிடத்தில் கால் பிந்துகிறது, தொடக்கத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் முடிவு நழுவுகிறது. ஆடியவர் மேல் குற்றமே இல்லை. பெரும்பாலும் காரணம் போன் கேமராதான். போனின் சொந்த கேமரா செயலிகள் பல, வெளிச்சத்தையும் போனின் வேலைச் சுமையையும் பொறுத்து ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கின்றன. 30 என்று போட்டிருந்தாலும் உள்ளே 28, 30, 29.5 என்று அலையும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சீரான 30 என்று எடுத்துக்கொள்வதால் படம் நழுவுகிறது.

தீர்வு இரண்டு. எடுக்கும் முன்பே, ஃபிரேம் எண்ணிக்கை, ஷட்டர், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை நான்கையும் பூட்டக்கூடிய கேமரா செயலிக்கு மாறுங்கள். எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால், கோப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஏற்றி, நிலையான ஃபிரேம் வீதத்தைத் தேர்ந்து மாற்றிய பிறகே டைம்லைனுக்குக் கொண்டுபோங்கள். டைம்லைனில் கையால் நீட்டிச் சுருக்கிச் சரிசெய்ய முயலாதீர்கள். நழுவல் சீராக இருக்காது.

இதே அறிகுறி தரும் இன்னொரு காரணம்: ஒரு கேமரா 30, மற்றொன்று 29.97. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. 5 நிமிடத்தில் அது 0.3 வினாடி, அதாவது 9 ஃபிரேம். எல்லாக் கேமராவிலும் புள்ளிக்குப் பின்னுள்ள எண் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷட்டர் 25 ஃபிரேமுக்கு 1/50. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120 வைத்தால் விளக்குச் சிமிட்டல் வராது. கால் வேலைப்பாடு துல்லியமாகத் தெரிய வேண்டிய ஷாட்டுக்கு 1/100 நன்றாக இருக்கும். அதற்கு மேல் போனால் அசைவு வெட்டு வெட்டாகத் தெரியும். சுழற்சிக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

5. படப்பிடிப்பு

கை உயர்த்திய உடலையும் தரையையும் சேர்த்துக் காட்ட, சட்டத்தின் உயரம் சுமார் 2.5 மீட்டர் தேவை. முழு ஃபிரேம் சென்சாரில் 16:9 எடுக்கும்போது 24 மி.மீ. லென்ஸுக்கு 3 மீட்டர் தள்ளி நின்றால் போதும், 35 மி.மீ. என்றால் 4.3 மீட்டர், 50 மி.மீ. என்றால் 6.2 மீட்டர். இடம் இருந்தால் 35 அல்லது 50-ஐயே எடுங்கள். 24-இல் அருகில் நின்றால் சட்டத்தின் ஓரத்துக்குப் போகும் கையும் காலும் நீண்டு கோணிவிடும், ஆடுபவர் பல ஆண்டு உழைத்துப் பெற்ற கோடுகள் உருக்குலையும். பாதத்தை வெட்டுவதானால் முழங்காலுக்கு மேல் துணிந்து வெட்டுங்கள். கணுக்காலில் வெட்டினால் தவறுபோல் தெரியும்.

வரிசை முக்கியம். நடனத்துக்கு முன் நடக்கும் நாடகக் காட்சிகளை முதலில் எடுத்துவிடுங்கள். ஆடி வியர்த்த முகத்தை மறுபடி உலர்ந்த முகமாக்க ஒப்பனையால் முழுதாக முடியாது. அடுத்து தசைகளைச் சூடேற்ற 20 நிமிடம், பிறகு முழு உருவ ஷாட்டில் பாட்டு முழுவதும் மூன்று டேக். தாவல்களும் பாய்ச்சல்களும் அதை அடுத்து, உடல் தளரும் முன். முகம், கை, கண் நெருக்கக் காட்சிகள் கடைசியில். அப்போது மூச்சும் வியர்வையும் உண்மையாகவே இருக்கும். கான்கிரீட் தரையில் நேராகத் தாவ வைக்காதீர்கள், மூட்டு தாங்காது. மரப்பலகையோ நடன விரிப்போ போட்ட பிறகு தொடங்குங்கள்.

எல்லாக் கேமராவும் ஒலியைப் பதிவு செய்ய வேண்டும், தரம் மோசமாக இருந்தாலும் சரி. பின்னால் பாட்டோடு பொருத்த உதவும் சாட்சி அதுதான்.

6. காலடி ஒலி

புதிதாக எடுப்பவர்கள் படத்தில் இது இருப்பதே இல்லை, அதனால்தான் ஆடுபவர் மிதப்பதுபோல் தோன்றுகிறது. பிளேபேக் ஓடும்போது காலடியைச் சுத்தமாகப் பதிய முடியாது. எனவே நெருக்கக் காட்சிகள் முடிந்ததும், ஸ்பீக்கரை அணைத்து, ஆடுபவரின் காதில் இயர்போனில் க்ளிக்கை மட்டும் கொடுத்து, அதே தரையில் முழு நடனத்தையும் இரண்டு முறை ஆடச் சொல்லுங்கள். மைக் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், 1 மீட்டர் தூரத்தில். மூச்சுக்கும் ஆடை உரசலுக்கும் மார்பு உயரத்தில் இன்னொரு மைக். வேகம் ஒன்றே என்பதால் இந்த ஒலி படத்தின் மேல் கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். பிசகும் அடிகளை மட்டும் நகர்த்தினால் போதும்.

7. எடிட்டிங்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே இதற்குப் போதுமானது. ஒலி அலைவடிவத்தைக் கொண்டு ஷாட்டுகளைத் தானே பொருத்தும் வசதி அதில் உண்டு. கோப்புகளை உள்ளே ஏற்றுவதற்கு முன்பே திட்டத்தின் ஃபிரேம் எண்ணிக்கையை அமைத்துவிடுங்கள், பிறகு மாற்ற விடாது.

நாடகத்திலிருந்து நடனத்துக்குள் நுழையும் இணைப்புதான் படத்தின் உயிர். இசை "இப்போது தொடங்குகிறது" என்று ஒரே வெட்டில் வெடித்தால் கதை நின்று கலைநிகழ்ச்சி தொடங்கியதுபோல் ஆகிவிடும். நாடகக் காட்சியிலேயே தாளத்தை ஒளித்து வையுங்கள்: பாட்டின் வேகம் 100 என்றால், பாத்திரம் நடக்கும் காலடியும் 100, மேசையில் தட்டும் விரலும் 100. இசையின் முதல் ஒலி, படம் மாறுவதற்கு இரண்டு மூன்று வினாடி முன்பே காதில் விழட்டும். இடம் மாறும் வெட்டு அசைவின் நடுவில் விழட்டும். 1945-இல் மாயா டெரன் எடுத்த சுமார் 3 நிமிட நடனப்படத்தில், நடனக் கலைஞர் டாலி பீட்டி காட்டில் தூக்கும் கால் வீட்டு அறைக்குள் இறங்கும். தூக்குவதும் இறக்குவதும் ஒரே அசைவு என்பதால் கண் இடமாற்றத்தை ஏற்றுக்கொள்கிறது. இதைச் செய்ய, அந்த அசைவை இரண்டு இடத்திலும் முழுமையாக, ஒரே வேகத்தில், கேமரா ஒரே உயரத்தில் எடுத்திருக்க வேண்டும்.

ஒவ்வோர் அடிக்கும் வெட்டாதீர்கள். ஆடுபவர் காட்டும் தாளத்தை எடிட்டிங் திருடிக்கொள்ளும். அடவோ ஜதியோ முடியும் வரை ஷாட் நிற்கட்டும். எடை மாறும் நொடியில் வெட்டினால் கட் தெரியாது, நிலையாக நிற்கும்போது வெட்டினால் தெரியும்.

8. மிக்ஸிங்

வசனத்தின் அடியில் இசையை 12 முதல் 18 டெசிபல் வரை இறக்குங்கள். அப்படியும் சொல் புரியவில்லை என்றால், அந்த இடத்தில் இசையின் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றுக் குறையுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இணையத்துக்குச் சராசரி ஒலிமட்டம் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதில் உணரப்படும் உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதிலிருந்து

"எல்லாம் சரியாக வைத்தும் எடிட்டிங்கில் பாட்டு பிந்துகிறது." ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். அது ஒலியை 150 முதல் 250 மில்லிவினாடி வரை தாமதிக்கலாம். மென்பொருள் அதை ஈடுகட்டாவிட்டால், நீங்கள் பாட்டை 4 முதல் 6 ஃபிரேம் முன்னால் இழுத்துவிடுவீர்கள். பார்ப்பவர்களுக்கு ஒலி முந்தும். எடிட்டிங்குக்குக் கம்பி ஹெட்போன் மட்டுமே.

"படப்பிடிப்பில் ப்ளூடூத் ஸ்பீக்கர் வைக்கலாமா?" ஒன்று மட்டும் என்றால் வைக்கலாம். ஆடுபவர் கேட்கும் ஒலியைத்தான் கேமராவும் பதிகிறது, தாமதம் பொருட்டல்ல. கம்பி ஸ்பீக்கர் ஒன்று, ப்ளூடூத் ஒன்று என்று இரண்டு வைத்தால் குழுவில் பாதிப்பேர் ஒரு தாளத்திலும் மீதிப்பேர் வேறு தாளத்திலும் ஆடுவார்கள்.

"தூரத்துக் கேமரா மட்டும் பொருந்தவில்லை." ஸ்பீக்கர் ஆடுபவர் அருகில், கேமரா 20 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி கேமராவை அடைய சுமார் 58 மில்லிவினாடி ஆகும். அலைவடிவத்தைக் கொண்டு பொருத்திய பின், அந்தக் கேமராவின் ஷாட்டுக்கு மட்டும் படத்தை ஒன்றரை ஃபிரேம் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். அரை ஃபிரேம் நகர்த்த முடியாது என்பதால் ஒரு ஃபிரேம் தள்ளுங்கள், ஒலி பிந்தும் பக்கமாகவே மிச்சம் இருக்கட்டும்.