மாமரத்துக் கவட்டையில் ஒரு ஆர்கிட்

காட்டு ஆர்கிட் பார்க்க எல்லாரும் கொல்லிமலைக்கு ஓடுகிறார்கள். நம் டெல்டாவிலேயே ஒன்று இருக்கிறது: வாண்டா டெசலேட்டா. கொடியக்கரைக் காட்டுக்குள்ளும் உண்டு. ஊர்ப்பக்கம் என்றால் வயசான மாமரம், இலுப்பை மரங்களின் கவட்டையைப் பாருங்கள்.

புல்லுருவி என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். எங்கள் பெரியப்பா அப்படித்தான் இரண்டு கொத்தைச் சீவி எறிந்தார். புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டுச் சாற்றை உறிஞ்சும். இது பட்டைமேல் பற்றிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். இலை தடித்து, நடுவில் வாய்க்கால் போல் மடிந்திருக்கும். வேர் தடித்திருக்கும், காய்ந்தால் வெள்ளை, மழை பட்டால் பச்சை. அந்த வேரை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

பூவுக்குக் கோடையில் போங்கள், காலையில். மஞ்சள் கலந்த பச்சை இதழில் பழுப்புக் கோடுகள் கட்டம் போட்டிருக்கும், உதடு போல் நீண்ட கீழ் இதழ் ஊதா. வாசனையும் உண்டு. பைனாகுலர் இருந்தால் கழுத்து வலிக்காது.

மரத்திலிருந்து பிடுங்கவே கூடாது. கொடியக்கரை சரணாலயம், அங்கே விழுந்ததைக்கூடத் தொடாதீர்கள். 2018 கஜா புயலில் எங்கள் கொல்லை மாமரம் சாய்ந்தபோது அதிலிருந்த செடியைப் பக்கத்து மரத்தில் தேங்காய் நாரோடு சேர்த்துக் கட்டினேன். மண் வைக்கக் கூடாது, வேர் அழுகிவிடும். காற்றும் சல்லடை வெயிலும் போதும். மழையில்லாத நாளில் காலையில் தண்ணீர் தெளித்தேன். புது வேர் பட்டையைப் பிடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தேன்.