பாதி பிக்கப்பை ட்ரெய்லர் ஆக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஃபோர்டு எஃப்-150, செவி (ஷெவ்ரோலே) சி10 மாதிரி பழைய பிக்கப்புகளின் பின்பாதி மட்டும் வேறொரு வண்டிக்குப் பின்னால் உருண்டு போவதை அமெரிக்கக் கிராமப்புறச் சாலைகளில் பார்க்கலாம். இன்ஜின் செத்து, கேபின் துருவேறிப் போனாலும் சரக்கு ஏற்றும் தொட்டியும் ஆக்சிலும் ஸ்பிரிங்கும் பல வருஷம் உழைக்கும். கேபினுக்குப் பின்னால் அறுத்து, முனையில் ஒரு கப்ளரை (ஹிட்ச் பந்தின் மேல் உட்கார்ந்து பூட்டும் பாகம்) வைத்தால் ட்ரெய்லர். வேலை ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அந்தப் பின்பாதியை அத்தனை காலம் மட்டமாகப் பிடித்திருந்தது இன்ஜின் பாரமும் முன்சக்கரங்களும். அறுத்த பிறகு அந்தப் பொறுப்பு முழுக்க, இழுக்கும் வண்டியின் பின்னால் இருக்கும் 2 அங்குல ஹிட்ச் பந்து ஒன்றின் தலையில் விழுகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் கட்டிங் வீலைத் தூக்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அறுப்பதற்கு முன்

முதல் வேலை பெட்ரோல் டேங்கைக் கழற்றி இறக்குவது. காலி டேங்க் ஆபத்தில்லை என்று நினைப்பது தலைகீழான எண்ணம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் மோசம், ஏனென்றால் உள்ளே நிற்பது காற்றோடு கலந்த ஆவி. 1973–87 செவியில் டேங்குகள் சேசிஸ் சேனலுக்கு (அடியில் நெடுக்கே ஓடும் இரும்புச் சட்டம்) வெளிப்பக்கம் இருக்கும், பல ஃபோர்டுகளில் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இரண்டு டேங்க் உண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்தவர்கள் இருக்கிறார்கள். சேனல் ஓரமாகப் போகும் பெட்ரோல் குழாயிலும் மிச்சம் நிற்கும், அதையும் வடித்துவிட்டு அகற்றுங்கள்.

அடுத்து, அறுக்கும் இடம். தொட்டியின் முன்விளிம்பை ஒட்டி அறுத்துவிட்டு, பிறகு அங்கலாய்ப்பதுதான் வழக்கம். கேபினுக்கு அடியில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு நீளமாகச் சேனலை விட்டு அறுங்கள். மிஞ்சினால் அப்புறம் குறைக்கலாம், குறைந்தால் ஒட்டுப்போட வேண்டும். லீஃப் ஸ்பிரிங்கின் முன் தாங்கியும், அதற்கு முன்னால் உள்ள ஒரு கிராஸ் மெம்பரும் (இரண்டு சேனலையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) பின்பாதியோடு சேர்ந்து வர வேண்டும். கடைசி அங்குலம் அறுபடும்போது பின்பாதி இரண்டே சக்கரத்தில் நிற்கும் வண்டியாகி மூக்குக் குத்தும், கேபின் பாதியோ பின்பக்கம் தரையில் உட்காரும். வெட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஜாக் ஸ்டாண்ட், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. தரை ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

முன்பாரமும் பின்பாரமும்

ட்ரெய்லருக்கு முன்னால் நீளும் பகுதியை இங்கே ஏர்க்கால் என்றே சொல்கிறேன், மாட்டுவண்டி கட்டியவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கும், முன்பாரமானால் மாட்டின் கழுத்து ஒடியும். இங்கே மாட்டுக்குப் பதில் இழுக்கும் வண்டி. பின்பாரமான ட்ரெய்லர் மணிக்கு 55 மைலில் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கினால் அதை அடக்குவது கஷ்டம். பந்தின் மேல் அழுத்த வேண்டிய எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம்.

பிக்கப் ஆக்சில் இந்தக் கணக்குக்காக வைத்ததல்ல. 8 அடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 98 அங்குலம், முன்விளிம்பிலிருந்து ஆக்சில் மையம் 54, அங்கிருந்து பின்கதவு 44. அதாவது ஆக்சில் நடுவிலிருந்து வெறும் 5 அங்குலம்தான் பின்னால் இருக்கிறது. தொட்டிக்கு முன்னால் 50 அங்குலத்தில் கப்ளர் என்றால், ஆக்சிலிலிருந்து பந்து வரை 104 அங்குலம். 1,500 பவுண்டு மண்ணைச் சமமாகப் பரப்பினால் பந்துக்குப் போவது 1,500 × 5 ÷ 104, சுமார் 72 பவுண்டு. 5 சதவீதம்கூட இல்லை. அதே மண்ணின் மையத்தை இன்னும் ஐந்தரை அங்குலம் முன்னே தள்ளினால் 150 பவுண்டைத் தாண்டும். மண்ணை முன்பக்கம் மேடாகக் கொட்டுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். உங்கள் வண்டியின் அளவுகள் வேறாக இருக்கும், டேப்பை எடுத்து அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டெப்னியைப் பழைய இடத்திலேயே, தொட்டிக்கு அடியில் பின்பக்கம், தொங்கவிடுவது சின்னத் தவறு மாதிரித் தெரியும். 60 பவுண்டுச் சக்கரம் ஆக்சிலுக்கு 35 அங்குலம் பின்னால் தொங்கினால் பந்தின் எடையில் 20 பவுண்டைத் தூக்கிவிடும். அதைத் தொட்டியின் முன்சுவர் பக்கம், ஆக்சிலுக்கு 50 அங்குலம் முன்னால் மாட்டினால் 29 பவுண்டு கூடும். இடம் மாற்றியதில் மட்டும் ஏறக்குறைய 50 பவுண்டு லாபம். கனமான பின் பம்பரையும் இதே நோக்கில் கழற்றிவிடலாம்.

கட்டி முடித்தபின் எடையைப் பார்க்க வீட்டு எடைமெஷின் போதும். ஒரு கெட்டிக் கட்டையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை எடைமெஷின் மேலும் மட்டமாக வையுங்கள். செங்கலிலிருந்து 1 அடி, மெஷினிலிருந்து 2 அடி தள்ளி, கட்டையின் மேல் ஏர்க்காலை இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் உண்மையான எடை. இழுக்கும்போது கப்ளர் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் எடை பார்க்க வேண்டும்.

ஏர்க்கால்

சேனல்களை வி வடிவில் வெட்டி உள்ளே மடக்கி ஒட்டிவிடுவது சுலப வழி. பிரச்சினை என்னவென்றால், குலுக்கல் அதிகம் வாங்கும் இடத்திலேயே வெல்டிங் விழுகிறது. 3 அங்குல சி சேனல் இரண்டை எடுத்து, பழைய சேனலுக்கு அடியில் குறைந்தது ஒரு கிராஸ் மெம்பர் வரை பின்னால் கொண்டுபோய் இரண்டு இடத்தில் பிணைப்பதே நல்லது. ஏ வடிவக் கப்ளர்கள் 50 டிகிரி கோணத்துக்குச் செய்யப்பட்டவை, ஏர்க்காலின் இரண்டு கைகளான சேனல்களையும் அதே கோணத்தில் சேர்த்தால் தட்டிக் கொட்டிப் பொருத்தும் வேலை மிச்சம். சேனலின் கீழ்த் தகட்டில் குறுக்கே வெல்டிங் இழுக்காதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒட்டு நெடுக்கே ஓடட்டும். துருவையும் பெயின்ட்டையும் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை கிரைண்டரில் எடுக்க வேண்டும். 110 வோல்ட் சின்ன மெஷினில் 3/16 அங்குல இரும்பை ஒட்டினால் மேலே அழகான வரிசை விழும், உள்ளே பிடித்திருக்காது. 220 வோல்ட் மிக் வெல்டிங் மெஷின், அல்லது ஈரம் ஏறாத 7018 வெல்டிங் ராடு. அதில் கை பழகாதவர் ஏர்க்காலை மட்டுமாவது தெரிந்த வெல்டரிடம் கொடுப்பது நல்லது.

நீளத்தில் கஞ்சத்தனம் காட்டினால் ரிவர்ஸ் எடுக்கும்போது தொட்டியின் மூலை இழுக்கும் வண்டியின் பம்பரில் இடிக்கும். தொட்டியிலிருந்து கப்ளருக்கு 4 அடிக்குக் குறைய வேண்டாம்.

உயரத்தை யாரும் முதலில் நினைப்பதில்லை. பிக்கப் சேனல் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் நிற்கும், பந்து பெரும்பாலும் 17–20 அங்குலத்தில். நேராக நீட்டினால் ட்ரெய்லர் மூக்குக் குத்திப் போகும். கைகளைச் சேனலுக்கு அடியில் வைப்பதில் கொஞ்சம் சரியாகும். 4×4 வண்டியில் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு உயரக் கட்டை இருந்தால் அதை எடுத்துவிட்டு, குட்டையான புது யூ போல்ட் போடுங்கள். பழைய யூ போல்ட் ஒருமுறை இழுபட்டது, மறுபடி முறுக்கினால் அதே பிடி கிடைக்காது.

டிஃபரன்ஷியலைக் குடையாதீர்கள்

இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் போய்விட்டதே, ஆக்சில் நடுவில் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கரம் எதற்கு என்று கவரைத் திறப்பவர்கள் அதிகம். அரை டன் (எஃப்-150, சி10 மாதிரி இலகு ரக) பிக்கப்புகளில், ஃபோர்டு 8.8, செவி 10 போல்ட், 12 போல்ட் ஆக்சில்களில், சக்கரத்தைத் தாங்கும் ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சி கிளிப் என்ற சின்ன வளையம். உள்ளே உள்ளதை எல்லாம் உருவினால் ஓடும்போது ஷாஃப்ட், டிரம், சக்கரம் மூன்றும் சேர்ந்து பக்கவாட்டில் கிளம்பிவிடும். ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலில் சி கிளிப் கிடையாது, ஆனாலும் ஷாஃப்டின் உள்முனை உட்கார்ந்திருப்பது பல்சக்கரத்தில்தான். அதை எடுத்தால் உள்முனைக்குப் பிடிமானம் இல்லை.

கிரவுன், பினியன் என்ற அந்தப் பல்சக்கரங்கள் அப்படியே சுற்றட்டும். அதனால் வரும் இழுவை சொற்பம், கிரவுன் வாரி இறைக்கும் ஆயில்தான் இந்த ஆக்சில்களின் சக்கர பேரிங்குக்கும் போகிறது. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றும்போது பினியன் முனையில் அந்த ஷாஃப்ட் மாட்டியிருந்த கவட்டையை (யோக்) கழற்றாதீர்கள். அதை எடுத்தால் சீலில் ஒழுகும், பினியன் பேரிங்கின் இறுக்கமும் போகும். பழைய ஆயிலை வடித்துவிட்டு 80டபிள்யூ-90 கியர் ஆயிலை நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றுங்கள், 8.8க்குச் சுமார் 2.6 லிட்டர். ஹவுசிங் மேலுள்ள காற்றுத் துளை அடைந்திருந்தால் சூடேறும்போது சீல் வழியே ஆயில் பிதுங்கி பிரேக் ஷூவை நனைக்கும். ஷாஃப்டை உருவிப் போடலாம் என்ற சலுகை முக்கால் டன், ஒரு டன் வண்டிகளின் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலுக்குத்தான், அதில் சக்கரத்தைத் தாங்குவது ஷாஃப்ட் அல்ல, ஹவுசிங். சக்கர நடுவில் புடைத்த ஹப்பும் அதைச் சுற்றி போல்ட் வட்டமும் தெரிந்தால் அந்த வகை.

ஷாக் அப்சார்பரைக் கழற்றாதீர்கள். அரை டன் ஸ்பிரிங் மேல் காலி ட்ரெய்லர் பந்தாகத் துள்ளும்.

பிரேக், விளக்கு, காகிதம்

கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களிலும், கனடாவின் ஒன்டாரியோவிலும், 3,000 பவுண்டு என்ற எல்லைக்கு மேல் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். காலியாகவே ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு இருக்கும் வண்டி ஒரு லோடு மண்ணில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். பிக்கப்பின் டிரம் பிரேக் கையிலேயே இருக்கிறது. சர்ஜ் கப்ளரை மாட்டினால், இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னே தள்ளுகிற விசையிலேயே அதன் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்தும். பலர் கோட்டை விடுவது ரிவர்ஸில். பிக்கப் டிரம் பின்னோக்கியும் அதே வலுவில் பிடிக்கும் என்பதால் மேட்டில் பின்னால் ஏற்றினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ரிவர்ஸ் விளக்கோடு சேர்ந்து இயங்கி பிரேக்குக்கு அழுத்தம் போகாமல் தடுக்கும் சோலினாய்டு (மின் வால்வு) ஒன்றும், அதற்கு ஐந்தாவது முனை உள்ள கனெக்டரும் தேவை. கை பிரேக் கேபிளை வெட்டி எறியாமல் ஒரு லீவரில் கட்டினால் ட்ரெய்லரை நிறுத்திவைக்க உதவும்.

ஒயரிங்கில் முக்கால்வாசித் தொல்லை எர்த்தால் வருவது. பந்தின் வழியே எர்த் கிடைக்கிறது என்று வெள்ளை ஒயரை விட்டுவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் விளக்கு சிமிட்டும். நாலு ஒயர் கனெக்டரில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. பழைய அமெரிக்க பிக்கப்புகளில் பிரேக்குக்கும் திரும்புவதற்கும் ஒரே சிவப்பு பல்பு என்பதால் நேரடியாகப் பொருந்தும். டொயோட்டா, டாட்சன் தொட்டியில் மஞ்சள் இண்டிகேட்டர் தனியாக இருந்தால் நடுவே கன்வர்ட்டர் வேண்டும்.

பந்தின் அளவும் கப்ளர் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். 2 அங்குலக் கப்ளர் 1-7/8 பந்தின் மேல் உட்கார்ந்து பூட்டியது மாதிரியே தெரியும், முதல் பெரிய குழியில் துள்ளி வெளியே வரும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டினால் அப்போது ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலியில் தொங்கும்.

பெரும்பாலும் சேசிஸ் எண் பொறித்த இடம் முன்பாதியில் போய்விடும். பழைய இரும்புக் கடைக்கு முன்பாதியோடு டைட்டிலையும் (வண்டியின் உரிமைப் பத்திரம்) கொடுத்துவிட்டால், தொட்டி உங்களுடையது என்பதற்கு ஆதாரம் இருக்காது. மோட்டார் வாகன அலுவலகத்தில் வீட்டில் செய்த ட்ரெய்லர் என்று பதிந்து புது எண் வாங்கும் வரை டைட்டிலின் நகல், வாங்கிய ரசீது, அறுப்பதற்கு முன் எடுத்த படங்கள் கையில் இருக்கட்டும். எடைச்சீட்டும் நேரடிப் பரிசோதனையும் கேட்கும் மாநிலங்கள் உண்டு, அறுப்பதற்கு முன்பே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டத்தில் 25 மைலில் நிறுத்தி இரண்டு டிரம்மையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் ஷூ உரசுகிறது. சக்கர நட்டுகளையும் யூ போல்ட்டுகளையும் அங்கேயே ஒருமுறை டார்க் ரெஞ்ச்சில் முறுக்கிவிட்டுக் கிளம்பலாம்.