துருக்கறைக்குக் கண் வரையாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில் பல மாதம் தரையோடு தரையாகக் கிடந்த சணல் சாக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. நடுவில் டீசல் ஊறிப் பரவிய கருவட்டம். அதன் ஓரத்தில் ஒரு நட்டின் துருத்தடம், ஆறு முனையும் தெளிவாக, முத்திரை குத்தியதுபோல. பார்ப்பவர்களில் பலர், "இங்கே ரெண்டு கண் வைத்தால் ஆந்தை மாதிரி இருக்குமே" என்கிறார்கள். கறையிலிருந்து அரூப ஓவியம், அதாவது எந்த உருவத்தையும் காட்டாத ஓவியம், செய்ய வருபவர்களிடம் நான் பார்க்கிற முதல் தவறு இதுதான். கண் வைத்த நிமிடமே கறை போய்விடும், ஆந்தைதான் மிஞ்சும். சாக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் வெட்டிச் சட்டத்தில் இழுத்துக் கட்டலாம் என்று நாள்கணக்கில் பாருங்கள். ஓவியருக்கு அங்கேதான் வேலை.

தற்செயலைப் போலி செய்வதும் கூடாது. டீத்தண்ணீர் தெளித்துப் பழசாக்கிய துணி உடனே காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் பொல்லாக், வீட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்டை ஊற்றி வரைந்தார் என்று கேட்டதும் சிலர் டப்பாவையே கவிழ்க்கிறார்கள். பெயின்ட் எவ்வளவு இளக்கம், கை எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவர் பிடியில் இருந்தது. தடிமனாக ஊற்றிய எனாமல் மேலே ஆடை கட்டி, உள்ளே காயாமல் சுருங்கும்.

துருவுக்கு வருவோம். வினிகரில் நனைத்த பருத்தித் துணியை வாஷர், ஆணி, பழைய மண்வெட்டித் தகடு என எதிலாவது சுற்றி ஓரிரவு வையுங்கள், செம்பழுப்புத் தடம் இறங்கிவிடும். அழகாக இருக்கிறதே என்று அப்படியே மாட்டிவிடுகிறார்கள். துணியில் தங்கிய அமிலமும் இரும்பும் நூலை அரிக்கும். நாளாக நாளாகத் துணி நொறுங்கும். ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இரும்புத் தகட்டையே ஓவியமாக வைப்பவர்கள் உப்பு போகக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து, அப்புறம் வார்னிஷ் அடிக்க வேண்டும். உப்புக்காற்றில் துரு தானாக நிற்காது.

இத்தாலியின் ஆல்பர்ட்டோ புர்ரி ஒரு மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் முகாமில் கைதியாக இருந்தபோது வரையத் தொடங்கினார். 1950களில் கிழிந்த சாக்குகளைத் தைத்தார், 1960களில் பிளாஸ்டிக்கைத் தீயில் உருக்கினார். அதைப் பார்த்துவிட்டு, போர்செட் போட்டபோது மிஞ்சிய பிவிசி குழாயை எரிக்காதீர்கள். அதில் வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலைப் புண்ணாக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவே கூடாது, அந்தத் தூசி புற்றுநோய் வரை கொண்டுபோகும். தகரம் போதும். பத்து ஐப்பசி அடைமழையில் நனைந்த கூரைத் தகரத்தில் இல்லாத வரைகோடா?