பிள்ளைக்கு இரண்டு வீடு: பிரிந்த பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிள்ளை யாரிடம் என்று கேட்கும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். பள்ளி, மருத்துவம், சமயம் போன்ற பெரிய முடிவுகளை யார் எடுப்பது என்பது ஒன்று. எந்த இரவு எந்த வீட்டில் என்பது வேறு. கனடாவில் 2021 முதல் விவாகரத்து உத்தரவுகள் இவற்றைத் தனித்தனியே எழுதுகின்றன. பிள்ளை பெரும்பாலான நாள் உங்களிடம் இருந்தாலும் பள்ளியை மாற்ற மற்றவரின் சம்மதம் தேவைப்படலாம்.

சிறு பிள்ளைகளுக்கு 2-2-3 முறை பொருந்தும்: இரண்டு நாள் ஒருவரிடம், இரண்டு நாள் மற்றவரிடம், பிறகு மூன்று நாள் முதலாமவரிடம், அடுத்த வாரம் அப்படியே மாறும். பிள்ளை எந்தப் பெற்றோரையும் மூன்று நாளுக்கு மேல் பிரிந்திருக்காது, ஆனால் கைமாற்றம், அதாவது பிள்ளையை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைப்பது, அதிகம். 2-2-5-5 முறையில் திங்கள், செவ்வாய் எப்போதும் ஒருவர், புதன், வியாழன் மற்றவர், வார இறுதி மாறி மாறி. நிலையான ஷிப்ட் உள்ளவர்களுக்கு இதுவே வசதி. வளர்ந்த பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வீடு போதும்.

“வசதிப்படி பார்த்துக்கொள்வோம்” என்று எழுதிய ஒப்பந்தம்தான் முதல் பள்ளி விடுமுறையிலேயே சண்டையில் முடிகிறது. நேரம், இடம், தாமதமானால் எவ்வளவு காத்திருப்பது, பண்டிகை நாட்கள், பாஸ்போர்ட் யாரிடம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கைமாற்றத்துக்குப் பள்ளிதான் நல்ல இடம்: காலையில் ஒருவர் விட்டுச்செல்ல, மாலையில் மற்றவர் அழைத்துச்செல்லலாம். நேருக்கு நேர் நிற்க வேண்டியதில்லை.

நேரம் சரிபாதி என்பதால் பராமரிப்புப் பணம் இல்லை என்று எண்ணாதீர்கள். கனடாவில் இருவரிடமும் ஆண்டில் குறைந்தது 40 சதவீத நேரம் பிள்ளை இருந்தால் கணக்கிடும் முறை மாறும், அவ்வளவே. வருமானம் கூடியவர் கொடுக்க வேண்டிவரலாம். பணம் வரவில்லை என்று பிள்ளையை அனுப்ப மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் நீதிமன்றத்தில் உங்களுக்கே பாதகம்.

மிகப் பெரிய ஆபத்து ஊர்ப் பயணம். நான்கு வாரத்துக்கு மற்றவர் சம்மதித்த பிறகு பிள்ளையை அங்கேயே நிறுத்திவைத்தால், வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் பன்னாட்டு உடன்படிக்கைப்படி அதுவும் பிள்ளைக் கடத்தலாகக் கருதப்படலாம். இலங்கை அதில் சேர்ந்திருக்கிறது. இந்தியா சேரவில்லை, ஆகவே இந்தியப் பயணத்துக்கு நீதிமன்றம் கூடுதல் உத்தரவாதம் கேட்கலாம். தேதி, விமானம், தங்கும் முகவரி, திரும்பும் நாள் குறித்த சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வாங்கி, அதை நோட்டரி முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெரியவர்கள் பேசி முடித்த வாய்மொழி ஏற்பாட்டை, ஒருவர் மாறிவிட்டால், போலீசார் நிறைவேற்றித்தர முடியாது. இருவரும் ஒத்துக்கொண்டதையே நீதிமன்ற உத்தரவாக்குங்கள். வீட்டில் வன்முறை இருந்திருந்தால் சமரசப் பேச்சுக்கு உட்காருமுன் வழக்கறிஞரிடம் அதைச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பிள்ளையை அந்த வேலைக்கு வைக்காதீர்கள்.