செட்டிநாட்டு வீட்டு வளவில் தொங்கும் படங்களுக்குப் பேர் எழுதி வையுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சட்டம் போட்ட கல்யாணப் படங்கள் விலைக்குக் கிடக்கின்றன. யாருடைய ஐயா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டுப் படங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம் என்றால், அடுத்த முறை படைப்புக்கு (முன்னோரைக் கும்பிடும் குடும்பச் சடங்கு) ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

முதலில் படம். சட்டத்தைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால், இழுக்கும்போது முகமே கண்ணாடியோடு போய்விடும். அப்படியே முற்றத்து நிழலில் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். சட்டம் இல்லாத படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யலாம். பின்பக்கத்தையும் விடாதீர்கள், ரங்கூன், பினாங்கு ஸ்டுடியோ முத்திரை அங்கே இருக்கலாம்.

அப்புறம் ஆச்சியிடம் உட்காருங்கள். இதைத்தான் தள்ளிப் போடவே கூடாது. அனுமதி கேட்டு ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, "பழைய கதை சொல்லுங்க ஆச்சி" என்று ஆரம்பித்தால், "என்னத்தச் சொல்ல" என்றுதான் பதில் வரும். படத்தைக் கையில் கொடுத்து, "இந்தக் கழுத்துரு இப்ப யாருகிட்ட இருக்கு? இவுக ஏன் ஓரமா நிக்கிறாக?" என்று கேட்டுப் பாருங்கள் (கழுத்துரு என்பது கல்யாணத்தில் அணியும் தங்கத் தாலி). ஆங்கில வருடம் கேட்காதீர்கள். "விஷு வருசம் மார்கழி" என்று ஆச்சி சொன்னால் அது 1941 டிசம்பர் நடுவிலிருந்து 1942 ஜனவரி நடு வரை, ரங்கூனில் குண்டு விழுந்த மாதம். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை அதை ஒட்டித்தான் வரும். ஒரே வருடப் பேர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதால், ஆச்சியின் வயதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கல்யாணத் தேதியை இசைகுடிமானத்தில் (கல்யாணத்தின்போது எழுதும் ஒப்பந்தப் பத்திரம்) சரிபார்க்கலாம்.

ஓரத்தில் பேரில்லாமல் நிற்கும் சமையல்காரர், கணக்குப்பிள்ளை வீட்டாரையும் தேடிப் போங்கள். படம் தொங்கும் அந்தச் சுவரை முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பால் இழைத்த கொத்தனாரின் பேரன் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். அவர்கள் சொல்லாத வரை வீட்டின் கதை பாதிதான்.

படத்தின் பின்னால் ஓரமாக, மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாகப் பேர், ஊர், வீட்டு விலாசம் (குடும்பத்தின் தலைப்பெழுத்துகள்), வருடம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். கோப்புக்கும் அதே பேர் வைத்து மூன்று நகல் எடுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கிற பங்காளி வீட்டில் இருக்கட்டும். ஒருவர் சேர்த்து வைப்பது வீண்போகாது: கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

கடைசியாக, பதிவை ஆச்சிக்கே போட்டுக் காட்டுங்கள். "இல்ல இல்ல, அது சின்ன ஆச்சி, பெரிய ஆச்சி அப்ப மலாயாவுல" என்று நடுவில் திருத்துவார். அப்போதும் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கட்டும்.