சேலம், ஏற்காடு: திருவிழா நாள்களை அறிந்து பயணம் வகுத்தல்

சேலத்தைக் காண விரும்புவோர் ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஜூலை நடுவில் பிறக்கும் அம்மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டுதலுடன் திருவிழா தொடங்க, நகரின் மற்ற மாரியம்மன் கோயில்களும் உடன் விழாக்கோலம் பூணுகின்றன. கம்பம் நடுதல், சக்தி அழைப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து, பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பாதியில் வரும் ஒரு புதன்கிழமையன்று பொங்கலும் மாவிளக்கும் நடைபெறும். அன்று மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுவது வழக்கம் என்பதால், அலுவலகப் பணிகளை அந்நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். குகைப் பகுதியின் வண்டி வேடிக்கையில், தெய்வ வேடமிட்டோர் அலங்கரித்த வண்டிகளில் வலம் வரும் அழகைக் கண்ட பின்னரே ஊர் திரும்புங்கள். அதற்காக ஓர் இரவு கூடுதலாகத் தங்குவது முற்றிலும் தகும்.

ஏற்காட்டின் கோடை விழா பெரும்பாலும் மே மாதத்தில், அண்ணா பூங்காவின் மலர்க் கண்காட்சியுடன் நடைபெறும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் அம்மாதத்தில்தான். தேதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு வெளியானவுடன் அறையைப் பதிவுசெய்துவிடுங்கள். விழா நாள்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்குமாறு போக்குவரத்து மாற்றப்படுவதுண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதையில் நெரிசலைத் தவிர்க்க, காலை ஏழு மணிக்கு முன் அடிவாரத்தைக் கடந்துவிடுவது நல்லது.