கல்லில் 277 என்று இருக்கிறது, பெயர்தான் இல்லை: பட்டாளத்துக்குப் போனவர்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு ஆங்கிலக் கல்வெட்டு இருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் பெரும்போருக்கு (1914-18 முதல் உலகப் போர்) போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. பெயர் ஒன்றுகூடக் கிடையாது. இதே வாசகத்தில் எண்ணை மட்டும் மாற்றிப் பல ஊர்களில் கல் நட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இந்தியர்களுக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம், அதற்குப் பேர் கொடுத்துப் போனவர்கள்தான்.

தேடுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, பெயரிலிருந்து தொடங்குவது. இறந்தவர்களின் பட்டியல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் முனிசாமியை ஒரு குமாஸ்தா 'எம்-யூ-என்-ஐ' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'எம்-ஓ-ஓ-என்' என்று ஆரம்பித்திருப்பார். சாமி என்பதற்கே மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் உண்டு. நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் இல்லாததால் முழுப்பெயரும் பெரும்பாலும் குடும்பப்பெயர்க் கட்டத்தில்தான் இருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு, கூடுதல் தகவல் கட்டத்தில் ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடுங்கள். வந்த முடிவுகளை மொத்தமாக இறக்கி, அட்டவணையில் கண்ணால் பார்த்துச் சலிப்பதுதான் வேகமான வழி.

அந்தக் கூடுதல் தகவல் குறிப்பை வாசிப்பதிலும் ஒரு பொறி உண்டு. இன்னாரின் மகன், ஊர், தாலுகா, மாவட்டம், மதராஸ் என்பதுதான் வழக்கமான வரிசை. வேலூர் என்ற சொல் ஊர்ப்பெயருக்கு அடுத்த இடத்தில் வந்தால் அது தாலுகா, ஆள் வேறு கிராமத்துக்காரர். வடஆற்காடு மாவட்டம் அன்று இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பெரும்பகுதியைச் சேர்த்து விரிந்திருந்தது. இன்று மாநகராட்சிக்குள் இருக்கும் சத்துவாச்சாரி அன்று தனி ஊர். மணிக்கூண்டின் 14-இல் அந்த ஊர்க்காரர் சேர்த்தியா இல்லையா என்பதைக் கல் சொல்லாது.

'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று தேடி ஏமாறுகிறவர்கள் ஏராளம். 1914-இல் அந்தப் பெயரில் படை இல்லை. 73, 75, 79-ஆம் கர்நாடிக் காலாட்படைகள், 83-ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 61, 64, 81-ஆம் பயனியர்கள் (பாதை போடும் படை), பெங்களூரின் 2-ஆம் விக்டோரியா மகாராணி சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் (பொறியியல் படை) என்றெல்லாம்தான் இருந்தன. 1922 சீரமைப்பில் இந்த எண்கள் மாறின. அதனால் 1917-இல் இறந்தவரைப் பழைய எண்ணில் தேட வேண்டும், 1925-இல் ஓய்வு பெற்றவரைப் புதிய பெயரில். சிப்பாயின் எண்ணும் அவரவர் படைக்குள் மட்டுமே தனித்தது. எண் ஒத்துப்போகிறது என்பதால் மட்டும் இவர்தான் அவர் என்று முடிவு கட்டக் கூடாது. எண், படை, தகப்பன் பெயர், ஊர் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்தட்டும்.

நினைவிடத்தைக் கல்லறை என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. பாஸ்ரா நினைவிடம் என்று பதிவில் இருந்தால், மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்தார், கல்லறை தெரியவில்லை என்றுதான் பொருள். 40,000-க்கும் மேற்பட்டோருக்கான இடம் அது. அங்கே கல்லில் இந்திய அதிகாரிகளின் பெயர் உண்டு, சாதாரண சிப்பாய்களின் பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். பெயர்கள் பதிவேட்டில் மட்டுமே உள்ளன. கல்லின் புகைப்படத்தில் தாத்தா பெயரைத் தேடிப் பயனில்லை. (மணிக்கூண்டில் செய்ததையே அங்கேயும் செய்திருக்கிறார்கள்.) டில்லி இந்தியா கேட்டில் பெயர் இருந்தால் டில்லியில் இறந்தார் என்றும் ஆகாது, வடமேற்கு எல்லையில் இறந்தவர்களே அங்கே அதிகம். குண்டடி பட்டுத்தான் இறந்தார் என்றும் எழுதிவிடாதீர்கள். மெசபடோமியாவில் காலராவும் வெயிலும் வாங்கிய உயிர்கள் ஏராளம், இறப்புக் காரணம் அந்தப் பதிவில் பெரும்பாலும் இருக்காது.

சந்தா கட்டிப் பிரிட்டிஷ் வம்சாவளித் தளங்களில் பணிக் கோப்பு தேடுவது வீண் செலவு. அங்கே இருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகள். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகள் வேறு ரகம். படைப்பிரிவு எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று அவற்றில் தெரியும், சிப்பாய் பெயர் அபூர்வம்.

இவ்வளவும் இறந்த 14 பேருக்கு. திரும்பி வந்த 263 பேர் கல்லறை ஆணையப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலகத்திலும் இந்தப் போருக்கு எதுவும் கிடைப்பது கடினம். வீட்டு டிரங்குப் பெட்டி, பென்ஷன் காகிதம், சர்ச் பதிவேடு, நிலம் ஒதுக்கியிருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அதற்கான வருவாய்த்துறை அரசாணை என்றுதான் போக வேண்டும். போனவர் எல்லாரும் துப்பாக்கி தூக்கியவர்களும் அல்ல. நாடு முழுக்கச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 8.8 லட்சம் பேர் போர்வீரர்கள், 5.6 லட்சம் பேர் தொழிலாளர் படை (லேபர் கோர்), கோவேறு கழுதையில் சுமை ஓட்டுதல், சமையல், டோலி தூக்குதல் போன்ற வேலைக்குப் போனவர்கள்.

மெடல் கிடைத்தால் முதலில் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எண், பதவி, பெயர், படை எல்லாம் விளிம்பில்தான் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அதுதான் முதலில் போகும். பக்கவாட்டில் டார்ச் அடித்து, சுற்றிச் சுற்றி ஐந்தாறு படம் எடுத்தால் போதும். ஸ்டார் மெடலானால் பின்பக்கம் பாருங்கள். முகப்பில் இருப்பது ஐந்தாம் ஜார்ஜா, ஆறாம் ஜார்ஜா என்றும் பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் என்றால் அது இரண்டாம் போர், மெடல் வாங்கியவர் நீங்கள் தேடும் ஆளின் மகனாக இருக்கலாம். வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் பிரிட்டிஷ் வார் மெடல் இருந்தால் போலி என்று தூக்கி வைத்துவிடாதீர்கள், தொழிலாளர் படையினருக்கு அதைத்தான் கொடுத்தார்கள்.